பட்டறைச் சாவி மாணவர் கைக்கு வரட்டும்

பொறியியல் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு இரண்டே கேள்விகள்: எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு? கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டால் மெக்கானிக்கல் எடுக்கலாமா, ‘டிசைன்’ என்று சொல்கிறார்களே அதில் சேர்க்கலாமா என்று பெற்றோர் நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். மூன்றாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும்: இந்த நான்கு ஆண்டுகளில் என் பிள்ளை தன் கையால் எதைச் செய்து பார்க்கும்? இயந்திர வடிவமைப்பு படிக்கிற மாணவருக்கு அதுதான் படிப்பே. நம் கல்லூரிகள் பலவற்றில் இதற்கு நேர்மையான பதில், ‘ஏறக்குறைய எதையும் இல்லை’ என்பதுதான்.

வடிவமைப்புப் பொறியாளர் என்ன செய்கிறார் என்று பலருக்கும் தெளிவாகத் தெரியாது. நாம் தொடும் ஒவ்வொரு பொருளின் அளவையும் யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். எவ்வளவு எடையுள்ள கிரைண்டர் குழவியை ஒரு பெண் குனியாமல் தூக்க முடியும், தெளிப்பான் வார் தோளை எங்கே அறுக்கும், பேருந்துப் படி எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்பதெல்லாம் அவர் வேலை. அந்த முடிவு தவறினால், பொருள் கெடாமலே மனிதர்கள் வாழ்நாள் முழுக்க அவதிப்படுவார்கள்.

தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்தில் தளம் கொண்ட தாழ்தளப் பேருந்துகள் சென்னைக்கு வருவதற்கு மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடுபவர்கள் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. படியின் உயரம் நீதிமன்றத்தில் பேசப்படும் அளவுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. அதை வகுப்பறையில் பேசிப் பழகிய பொறியாளர்கள் நமக்கு ஏராளமாக வேண்டும்.

டிராஃப்டரும் டேட்டா புக்கும்

முதலாண்டு மாணவரைப் பேருந்திலேயே அடையாளம் காணலாம். தோளில் டிராஃப்டர், கையில் வரைபடத் தாள் சுருட்டி வைத்த நீளக் குழாய். எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் பாடத்தில் புள்ளி, கோடு, தளம், கூம்பு என்று வரைகிறார். கூம்பை வெட்டினால் எந்த வடிவம் கிடைக்கும் என்பதை மனத்துக்குள்ளேயே திருப்பிப் பார்க்கக் கற்கிறார். அருமையான பயிற்சி. அதே ஆண்டில் பட்டறையில் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்குகிறார். மரத்தில் ‘டி’ இணைப்பு செய்கிறார். கை கொப்பளிக்கும், ஆனாலும் அந்தத் துண்டைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டிய மாணவர்களை எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் பொருட்களோடு அவருக்கு உள்ள உறவு அறுந்துபோகிறது. இரண்டாம் ஆண்டு பெரும்பாலும் கோட்பாடு. லேத்தில் கை வைக்கிற ஆய்வக வகுப்புகள் உண்டு. ஆனால் எல்லாருக்கும் அதே படிக்கட்டுத் தண்டு, அதே மரை. தானே யோசித்த ஒரு பொருளைத் தானே கடைந்து பார்க்கும் வாய்ப்பு இல்லை.

மூன்றாம் ஆண்டில் ‘டிசைன் ஆஃப் மெஷின் எலிமென்ட்ஸ்’ வரும்போது, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொகுத்த டேட்டா புக் கைக்கு வருகிறது. தேர்வு அறைக்குள் கொண்டுபோக அனுமதி உள்ள புத்தகம். அண்ணன்மார் கைமாற்றிக் கொடுத்த பிரதி என்றால் ஓரமெல்லாம் அழுக்கேறி, எந்தப் பக்கத்தில் எந்த அட்டவணை என்பது விரலுக்கே தெரிந்திருக்கும்.

அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பல தலைமுறை மாணவர்களுக்குக் கொடுத்த சொத்து அது. என் கவலை வினாத்தாளைப் பற்றியது. ‘20 கிலோவாட் திறனை நிமிடத்துக்கு 200 சுற்று வேகத்தில் கடத்தும் தண்டின் விட்டம் காண்க’ என்று கேட்கிறோம். மாணவர் கணக்குப் போட்டு, கிடைத்த எண்ணுக்கு அடுத்த நிலையான அளவை அட்டவணையில் எடுத்து, கட்டம் கட்டி, முழு மதிப்பெண் வாங்குகிறார்.

வேலையில் யாரும் இப்படித் திறனையும் வேகத்தையும் தட்டில் வைத்துத் தருவதில்லை. விவசாயி தெளிப்பானைச் சுமந்து வந்து ‘பாரமா இருக்குங்க, அரைமணி நேரத்துல தோள் விட்டுப்போவுது’ என்பார். அந்தப் ‘பாரமா இருக்கு’ என்பதைக் கிலோவாகவும், வாரின் அகலமாகவும், கைப்பிடியின் கோணமாகவும் மாற்றுவதுதான் வடிவமைப்பு. நான்கு ஆண்டுகளில் அதற்கென்று ஒரு பருவம்கூட இல்லை.

காயாத பெயின்ட்

இறுதியாண்டு ப்ராஜெக்ட் இந்தக் குறையை ஈடுகட்டும் என்பது பாடத்திட்டத்தின் நம்பிக்கை. வெளித் தேர்வாளராகப் போன ஒரு கல்லூரியில், சூரிய ஒளியில் இயங்கும் விதைப்புக் கருவி ஒன்றை நான்கு மாணவர்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், பச்சைப் பெயின்ட் விரலில் ஒட்டியது.

“சக்கரத்துக்கு ஏன்பா இந்த விட்டம்?” என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் உண்மையைச் சொன்னார்: “கடையில அந்த சைஸ்தான் இருந்துச்சுன்னு அண்ணா சொன்னாங்க சார்.” எங்கே ஓட்டிப் பார்த்தீர்கள் என்றேன். “டைல்ஸ் தரையில சார்.”

நால்வரில் ஒருவருடைய அப்பா நிலக்கடலை போடுகிற விவசாயி என்று பேச்சில் தெரிந்தது. “விதை எவ்வளவு ஆழத்துல விழணும்?” என்று அவரிடம் கேட்டேன். அதுவரை தலை குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். “ரெண்டு விரக்கடை சார். ஈரம் கம்மின்னா இன்னும் கொஞ்சம் கீழ போவணும். மேலாக்க விழுந்தா காக்கா, எலி எடுத்துரும்” என்று விரலை மடக்கிக் காட்டிச் சொன்னார். எந்த மண்ணில் சக்கரம் புதையும், சாலில் திரும்பும்போது எங்கே சிக்கும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவில் ஒரு துளிகூட அவர்கள் கொண்டுவந்த கருவியில் இல்லை. ஆழத்தை மாற்றி வைக்க அதில் ஒரு திருகுகூட இல்லை.

அந்தக் கருவி விலைக்கு வாங்கியது. பெருநகரங்களில் ‘பி.இ., எம்.இ. ப்ராஜெக்ட் செய்து தரப்படும்’ என்று பலகை போட்ட கடைகள் வெளிப்படையாகவே நடக்கின்றன. பட்டியலில் தலைப்பைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் மாதிரி, அறிக்கை, விளக்கப் படங்கள் எல்லாம் வரும். வைவாவில் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லித் தருவார்கள். இது எல்லாருக்கும் தெரியும். கல்லூரிக்கும் தெரியும். அதே தெளிப்பானும் அதே விதைப்புக் கருவியும் வண்ணம் மாறி ஆண்டுதோறும் வருகின்றன.

மாணவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிக் கடந்துபோவது அநியாயம். அவர்களுடைய ஒரு நாளைப் பாருங்கள். மாலை நாலு, நாலரைக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும். அதற்கு முன்பே பட்டறையைப் பூட்டியாக வேண்டும். பொருள் வாங்கவோ, வெளிப் பட்டறையில் கடையவோ போக வேண்டுமானால் ‘ஆன் டியூட்டி’ (ஓ.டி.) கடிதத்தில் கைடு, வகுப்பு ஆலோசகர், துறைத் தலைவர் என்று வரிசையாகக் கையெழுத்து வாங்க வேண்டும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விடுமோ என்ற பயம் ஒருபக்கம். எட்டாம் பருவத்தில் வேலைவாய்ப்பு நேர்காணல்கள், பழைய அரியர்கள். ஒரே ஆசிரியரின் தலையில் பல குழுக்கள். ஒரு பொருளைச் செய்து, உடைத்து, திருத்தி, மறுபடி செய்ய இதற்குள் நேரம் எங்கே இருக்கிறது? வாங்குவது ஒன்றுதான் வழி என்று நிலைமை அவர்களைத் தள்ளுகிறது.

சாதாரணக் குடும்பத்துக்கு இதனால் வரும் நட்டம் கண்கூடானது. கல்விக்கடன் வாங்கிப் படிக்க வைத்த பிள்ளை, கடைக்காரருக்கும் பணம் கட்டுகிறது. பட்டத்தோடு வேலைக்குப் போனால், ‘நீ என்ன செய்தாய்?’ என்ற முதல் கேள்வியிலேயே தடுமாறுகிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் இத்தனை ஆலைகள் இருந்தும், பொருளின் வடிவத்தைத் தீர்மானிக்கும் மேசைக்கு நம் பிள்ளைகளில் மிகச் சிலரே போகிறார்கள். பலர் அந்த வடிவத்தைப் பூட்டித் தரும் வரிசையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

திறந்திருந்த கதவுகள்

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் படித்தபோது நடந்த சம்பவம் பலருக்கும் தெரியும். தாழப் பறந்து தாக்கும் விமானத்தின் வடிவமைப்பு அவர் குழுவின் ப்ராஜெக்ட். முன்னேற்றம் போதவில்லை என்று பேராசிரியர் சீனிவாசன் வெள்ளிக்கிழமை பிற்பகலில் கெடு வைத்தார்: திங்கள் காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நிற்கும். கலாம் இரவெல்லாம் வரைபலகையின் முன் நின்று முடித்தார்.

மேடைகளில் இந்தக் கதை உழைப்புக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த மாணவருக்கு வரைபலகை கைக்கெட்டும் இடத்தில் இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் டென்னிஸ் ஆடிவிட்டு அதே உடையில் வந்து, மாணவர் எப்படி வரைகிறார் என்று பின்னால் நின்று பார்த்திருக்கிறார். கெடு வைத்தவர், வேலை செய்ய இடமும் தந்து, விடுமுறை நாளில் வந்தும் பார்த்தார். இன்றைய மாணவருக்குக் கெடு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2008-ல் முன்னாள் மாணவர்களின் உதவியோடு தொடங்கிய ‘சென்டர் ஃபார் இன்னோவேஷன்’ என்ற பட்டறையை மாணவர்களே நடத்துகிறார்கள். வகுப்பு முடிந்த பிறகுதான் அங்கே வேலை சூடுபிடிக்கும். அதே ஐ.ஐ.டி.யின் எஞ்சினியரிங் டிசைன் துறையில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் ஏத்தர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மின் ஸ்கூட்டர்களுக்கு நல்ல பேட்டரி செய்வதுதான் முதலில் அவர்கள் எண்ணம். அன்று சந்தையில் இருந்த வண்டிகளை ஆராய்ந்த பிறகு, வண்டியையே புதிதாக வடிவமைக்காமல் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 2018-ல் அந்த வண்டி விற்பனைக்கு வந்தது. இன்று ஓசூரில் உற்பத்தியாகிறது. கொடுத்த கேள்வியையே மாற்றிக் கேட்கும் துணிச்சல் அது.

பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் ஆய்வகம் அதே ஐ.ஐ.டி.யில் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளைச் செய்கிறது. உட்கார்ந்திருப்பவர் தானே எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலி 2019-ல் அங்கிருந்து வெளிவந்தது. அத்தகைய நாற்காலியை, அதில் உட்காரப் போகிறவரோடு திரும்பத் திரும்பப் பேசாமல் வடிவமைக்கவே முடியாது.

‘அது ஐ.ஐ.டி., அவர்களுக்குப் பணம் இருக்கிறது’ என்பார்கள். பணத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியைப் போய்ப் பாருங்கள். மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தயக் கார்களோடு வருகிறார்கள். வண்டி ஓடுவதற்கு முன்பே நடுவர்கள் உட்கார வைத்து, இந்தக் குழாய் ஏன் இந்தத் தடிமன், இந்த இணைப்பு ஏன் இங்கே, எவ்வளவு செலவு என்று துளைத்தெடுக்கிறார்கள். ‘அண்ணா சொன்னாங்க’ என்ற பதில் அங்கே செல்லாது. கேள்வி அப்படி இருந்தால் தயாரிப்பும் அப்படி இருக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். வருத்தம் என்னவென்றால், அங்கே போக லட்சங்களில் செலவாகும். ஒரு கல்லூரியில் ஒரு குழு போனாலே பெரிது.

அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டாம். கோவை கணபதியிலோ சென்னை அம்பத்தூரிலோ ஒரு சிறு பட்டறைக்குள் மாணவரை ஒரு நாள் நிறுத்தினால் போதும். கணினியில் அழகாக வரைந்த பாகத்தை எடுத்துப்போன ஒரு மாணவரிடம் அங்கிருந்த மெஷினிஸ்ட் கேட்டது இது: “தம்பி, குழிக்குள்ள மூலையைச் சதுரமா வரைஞ்சிருக்கீங்க. எண்ட்மில் உருண்டைதானுங்களே, அது எப்படிங்க அந்த மூலைக்குப் போவும்?” மென்பொருள் எந்த மூலையையும் வரைய விடும். இரும்பு விடாது. நூறு மணி நேர வகுப்பில் பதியாதது அந்த ஒரு கேள்வியில் பதிந்தது. அந்த மாணவர் இப்போதெல்லாம் வரைவதற்கு முன் ‘டூல் எந்தப் பக்கமிருந்து வரும்?’ என்றுதான் முதலில் யோசிக்கிறார்.

கோவை இதை முன்பே யோசித்த ஊர். 1945-ல் அங்கே அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்த தொழிலதிபர் ஜி.டி.நாயுடு, நான்காண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டே போதும் என்று வாதிட்டு, அரசு ஏற்காததால் பொறுப்பைவிட்டு விலகினார். நான்காண்டைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தை எதில் செலவிடுகிறோம் என்ற அவருடைய கோபம் நியாயமானது.

மாணவிகளுக்கு மணி ஆறு

பட்டறையை இரவு வரை திறந்து வைத்தாலும் பாதிப் பேருக்குப் பயன்படாமல் போகும் ஆபத்து உண்டு. பல விடுதிகளில் மாணவிகள் மாலை ஆறு, ஆறரைக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். அதே கல்லூரியின் மாணவர் விடுதிக்கு அந்தக் கெடுபிடி இல்லை. விளைவு, குழு ப்ராஜெக்டில் வெல்டிங்கும் அசெம்பிளியும் ஆண்கள் பக்கம், அறிக்கை தட்டச்சும் விளக்கப் படமும் பெண்கள் பக்கம் என்று வேலை தானாகப் பிரிந்துவிடுகிறது. நான்காண்டு முடிவில் திறமையுள்ள மாணவி ஒருவர் ‘எனக்கு டாக்குமென்டேஷன்தான் வரும்’ என்று நம்பத் தொடங்கிவிடுகிறார். அதைக் கேட்கும்போது நெஞ்சு கனக்கிறது.

பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதி மாணவிகளுக்குப் பாரபட்சமான கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘சக்‌ஷம்’ அறிக்கை 2013-லேயே சொல்லிவிட்டது. வெளிச்சமும் காவலும் பெண் ஊழியரும் உள்ள பட்டறை, விடுதி அறையைவிட எந்த வகையிலும் ஆபத்தான இடமில்லை.

இந்த ஆண்டே தொடங்கலாம்

முதலில் பட்டறை நேரம். வார நாட்களில் இரவு எட்டு மணி வரையும் சனிக்கிழமை முழு நாளும் திறந்திருக்க வேண்டும். இதற்குத் தேவை இரண்டாம் ஷிஃப்டுக்கு ஒரு பட்டறை உதவியாளரும், கடைசிப் பேருந்து ஒன்றும். ஆண்டுக்கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு. பட்டறைப் பாதுகாப்புத் தேர்வில் தேறிய மாணவர்களுக்கு அனுமதி அட்டை கொடுத்து, மாணவிகளின் விடுதி நேரத்தையும் அந்த அட்டையோடு இணைத்துவிட வேண்டும்.

சொந்தமாக நல்ல இயந்திரங்கள் இல்லாத கல்லூரிகளுக்கும் வழி இருக்கிறது. டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழக அரசு 2022-ல் கையெழுத்திட்டது. மாலையிலும் வார இறுதியிலும் அந்த மையங்களைப் பக்கத்துப் பொறியியல் மாணவர்களுக்குத் திறந்துவிடலாம். ஐ.டி.ஐ. மாணவருக்கு இயந்திரம் ஓட்டத் தெரியும். பொறியியல் மாணவருக்குக் கணக்குத் தெரியும். இருவரும் ஒரே மேசையில் நின்றால் இருவருக்குமே லாபம். ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் இதற்கு மதிப்பெண்ணும் கொடுக்கலாம்.

அடுத்தது ப்ராஜெக்ட். அதை எட்டாம் பருவத்தில் திணிப்பதை விட்டுவிட்டு, ஐந்தாம் பருவத்திலேயே தொடங்கி மூன்று கட்டமாக நடத்த வேண்டும். முதல் கட்டத்தில் பொருளே வேண்டாம். ஒரு விவசாயியோடோ நெசவாளரோடோ தூய்மைப் பணியாளரோடோ இருந்து, அவர் எங்கே அவதிப்படுகிறார் என்பதை அளந்து எழுதி வரட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் பொறியியலுக்கும் வந்தபின், வயலிலும் தறியிலும் வளர்ந்த பிள்ளைகள் நம் வகுப்புகளுக்குள் வந்திருக்கிறார்கள். இந்த முதல் கட்டத்தில் அவர்கள்தான் மற்றவர்களுக்கு ஆசான்கள். கடலை விதையின் ஆழம் தெரிந்த அந்த மாணவர், அப்படி ஒரு குழுவின் தலைவராக இருந்திருப்பார்.

மதிப்பெண்ணில் நாற்பது சதவீதத்தை, தேதியிட்டு ஆசிரியர் கையெழுத்திட்ட குறிப்பேட்டுக்கும் உடைந்துபோன முதல் மாதிரிகளுக்கும் ஒதுக்கலாம். கடையில் முழுக் கருவி கிடைக்கும். மூன்று பருவம் தோற்றுத் திருத்திய துண்டுகள் கிடைக்காது. வைவாவில் கருவியைக் கழற்றி மறுபடி பூட்டச் சொல்ல வேண்டும். தேர்வாளர்களில் ஒருவர் உள்ளூர்ப் பட்டறை நடத்துபவராகவும், இன்னொருவர் அந்தப் பொருளைப் பயன்படுத்தப் போகிறவராகவும் இருக்கட்டும்; அவருக்குப் பட்டம் தேவையில்லை. வெளிப் பட்டறைக்குப் போகும் நாட்களை, பட்டறை உரிமையாளரின் கையெழுத்தைக் கொண்டு வருகைப்பதிவாக ஏற்கலாம்.

ஆசிரியர்களை மறந்துவிடக் கூடாது. ஒருவருக்கு மூன்று குழுவுக்கு மேல் கொடுக்காமல், வழிகாட்டும் மணி நேரத்தைப் பாடவேளையாகக் கணக்கிட்டால்தான் இவையெல்லாம் நடக்கும். இல்லாவிட்டால் குறிப்பேடும் இன்னொரு ரெக்கார்டு நோட் ஆகிவிடும்.

கலந்தாய்வுக்குப் போகும் பெற்றோரும் ஒரு காரியம் செய்யலாம். விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரிக்கு ஒரு வேலைநாளில் மாலை ஐந்து மணிக்குப் போங்கள். பட்டறை திறந்திருக்கிறதா, உள்ளே மாணவிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். போன ஆண்டு ப்ராஜெக்டுகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அங்கே நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், ‘நீ கடைசியாக உன் கையால் செய்தது என்ன தம்பி?’ என்று விசாரியுங்கள். பதிலைக் கேட்டுவிட்டுப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் இடத்தை முடிவு செய்யுங்கள்.